அம்மம்மாவின் கதை, 16 பக்கத்தில்

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் தமிழ்நாட்டு அகதி முகாம்களிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு ஊர் என்பது அம்மம்மா சொல்லும் கதைதான். அதைப் புத்தகமாக்க அச்சகமெல்லாம் வேண்டாம்.

அம்மம்மா ஒடியல் கூழ் (காயவைத்த பனங்கிழங்கு மாவில் செய்வது) காய்ச்சிய கதையை போனில் பதிவு செய்யுங்கள். ஒன்று போதும், ஊர் வரலாறு முழுவதையும் கேட்டால் களைத்துப்போவார். நான்கு ஏ4 தாளை நடுவில் மடித்து, மடிப்பில் பின் அடித்தால் 16 பக்கம். பக்கத்துக்கு இரண்டு வரி. படத்தைப் பிள்ளையே வரையட்டும். கூழில் போட்ட நண்டுக்கு ஆறு கால் இருந்தாலும் சரி.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அம்மம்மா சொல்லும் ‘கதிரை’யை நாற்காலி என்றும் ‘வடிவு’ என்பதை அழகு என்றும் திருத்துவது. பொருளைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டால் போதும்.