கன்னி மூலைத் தண்ணீர்த் தொட்டியும் மாடி சோலாரும்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டது ஒரு வைகாசியில். தண்ணீர்த் தொட்டி வழக்கம்போல் வாஸ்துப்படி கன்னி மூலையில் (தென்மேற்கில்), அதற்கு வடக்கே பேனல். அந்த மாதத்தில் சூரியன் வடக்கே இருப்பதால் நிழல் தெற்கே விழுந்தது, சரி என்று வேலையை முடித்துவிட்டோம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும், சாயங்காலம் 3 மணிக்கெல்லாம் அதே தொட்டியின் நிழல் இரண்டு பேனல் மேல் ஏறிவிட்டது. எல்லாம் ஒரே வரிசையில் கோத்த பேனல்கள், ஒன்றில் நிழல் விழுந்தாலே மொத்த உற்பத்தியும் அடிவாங்கும்.

அதனால் மாடிக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்: தொட்டி, தென்னை, மாமரம், பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பப்போகும் மாடி எல்லாவற்றையும். மார்கழியில் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் நிழல், பொருளின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளும்.

அப்புறம் அளவு. கடைசி ஆறு இ.பி. பில்லை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், 100 சதுர அடி இடம் கேட்கும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓட்டுகிறவர்கள் அவசரப்பட வேண்டாம், அதில் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம்தான். பில்லில் உள்ள அனுமதிக்கப்பட்ட லோடையும் (உங்கள் இணைப்புக்கு இ.பி. கொடுத்திருக்கும் கிலோவாட் வரம்பு) பாருங்கள், போடப்போகிற சோலார் அதைத் தாண்டுமென்றால் லோடைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

2024-இல் வந்த மத்திய அரசின் பி.எம். சூரிய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். விண்ணப்பம் ஆன்லைனில்தான், சோலார் மாட்டித் தருகிற வெண்டரை அந்தத் தளத்தில் பதிவானவர்களில் பார்த்து எடுங்கள். உள்நாட்டில் செய்த பேனலாக இல்லாவிட்டால் மானியம் கிடையாது. நம் ஊரில் நிறையப் பேர் மாட்டுவது பெயரில்தான்: இ.பி. இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், மானியமோ பேரன் கணக்குக்கு வர வேண்டும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள்.

எர்த்தில் ஏமாறாதீர்கள். நம்முடையது பாறை பூமி, நாலடி தோண்டினால் கல்லு. ஆள் அதோடு குழியை மூடிவிட்டுப் போகப் பார்ப்பார். இடிதாங்கி, வீட்டுப் பக்கத்து ஏசி கரண்ட், பேனல் பக்கத்து டிசி கரண்ட் மூன்றுக்கும் தனித்தனி எர்த் போட வைத்து, கூடவே நின்று எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால் ஆன்கிரிட் (பேட்டரி இல்லாமல் இ.பி. லைனோடு இணைத்த) சோலாரும் நின்றுவிடும், நல்ல வெயில் அடித்தாலும் சரி. கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து கரண்ட் போய்விடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். கட் அதிகம் என்றால் பேட்டரியோடு ஹைபிரிட் கேளுங்கள், விலை ஏறும்.

நெட் மீட்டர் மாட்டுகிற அன்றைக்கே இம்போர்ட் (இ.பி.யிலிருந்து நாம் எடுத்தது), எக்ஸ்போர்ட் (நாம் இ.பி.க்குக் கொடுத்தது) இரண்டு ரீடிங்கையும் போனில் படம் பிடித்து வையுங்கள். எங்கள் முதல் பில்லில் எக்ஸ்போர்ட் கழிக்கப்படவே இல்லை, அந்தப் படத்தைக் காட்டித்தான் சரிசெய்தோம்.

கிரானைட் லாரி ஓடுகிற ரோடு என்றால் வாரம் ஒரு தடவை விடியற்காலையில் பேனலைக் கழுவுங்கள், கண்ணாடி கொதிக்கிற நேரத்தில் வேண்டாம்.

தொட்டியை மாற்ற அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை. இரண்டு பேனலைத்தான் கழற்றிக் கிழக்கே நகர்த்தினோம்.