பாதியில் கீழே வைக்க முடிகிற புதிர் விளையாட்டு: இலவச ஆப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

சில மாதங்களுக்கு முன்பு, தூங்கப் போகும் நேரத்தில் ஒரு இலவசப் புதிர் விளையாட்டைத் திறந்தேன். ஒரே நிறக் கற்களை மூன்று மூன்றாகச் சேர்க்கும் வகை. பத்து நிமிடம் ஆடிவிட்டுப் படுக்கலாம் என்றுதான் எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் போனைக் கீழே வைத்தபோது கண் எரிந்தது, தோள் இறுகியிருந்தது, 'பரிசுப் பெட்டியைத் திறக்க இன்னும் இரண்டு வெற்றிதான்' என்ற எண்ணமே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. படங்கள் அழகாகத்தான் இருந்தன, இசையும் இதமாகத்தான் இருந்தது. ஆனால் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் எதையாவது இழந்தேன்: ஒரு லைஃப் (ஆடுவதற்கான வாய்ப்பு), ஒரு தொடர் வெற்றி, ஒரு போனஸ்.

அதற்கப்புறம் நிறைய ஆப்களைப் போட்டுப் பார்த்தேன், நிறையவற்றை நீக்கினேன். இப்போது ஒரே கேள்வியை வைத்துத்தான் வடிகட்டுகிறேன். இந்த நொடியில் இதைக் கீழே வைத்தால் எனக்கு ஏதாவது நஷ்டமா? நஷ்டம் இல்லை என்றால் அந்த விளையாட்டில் ஓய்வு கிடைக்கும். பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பதும் இதுதான். வரிசையில் நிற்கும்போது நான்கு நிமிடம் ஆட வேண்டும், கூப்பிட்டால் உடனே எழுந்து போக வேண்டும், திரும்பி வந்தால் விட்ட இடம் அப்படியே இருக்க வேண்டும். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, போனில் சரியாக அமைத்துக்கொள்வது எப்படி என்று கீழே சொல்கிறேன். மொபைலில் விளையாடியே பழக்கம் இல்லாதவர்களும் இதைச் செய்யலாம்.

படி 1: எந்த மாதிரி ஓய்வு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஸ்டோரைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. கைக்கு மட்டும் வேலை கொடுத்து மனதைச் சும்மா விடுவது ஒரு வகை ஓய்வு. குழாய்களில் நிறத் தண்ணீரைப் பிரித்து ஊற்றுவது, படத்துண்டுகளைச் சேர்ப்பது, ஒரே மாதிரி ஓடுகளை ஜோடி சேர்ப்பது எல்லாம் இதில் வரும். மூளையை ஒரே இடத்தில் கட்டிப்போடுவது இன்னொரு வகை. சுடோகுவும், எண் குறிப்புகளை வைத்துக் கட்டங்களை நிரப்பிப் படம் வரவழைக்கும் நோனோகிராமும் அப்படிப்பட்டவை.

கவலையோடு இருக்கும் நாளில் எனக்கு இரண்டாவது வகைதான் உதவுகிறது. ரொம்ப எளிதான ஆட்டம் என்றால் கை தன்பாட்டுக்கு நகரும், மனம் பழைய கவலைக்கே போய்விடும். சுடோகுவில் ஒரு வரிசையை யோசிக்கும்போது வேறு எதற்கும் இடம் இருக்காது. உடம்பு அசந்துபோன நாளில் நேர்மாறாக, யோசிக்கவே வேண்டாத தண்ணீர்ப் புதிர்தான் பிடிக்கிறது. உங்களுக்கு எது என்று ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும்.

சொல் விளையாட்டுகள் பிடிக்கும் என்றால், நாளுக்கு ஒரு புதிர் மட்டும் தரும் வகையைத் தேடுங்கள். ஜோஷ் வார்டில் 2021-இல் வெளியிட்ட வேர்டில் அப்படித்தான் பரவியது. எல்லோருக்கும் அன்றைக்கு ஒரே சொல், அதை ஊகிக்க ஆறு வாய்ப்பு, அவ்வளவுதான். முடித்துவிட்டால் அடுத்ததற்கு நாளை வரை காத்திருக்க வேண்டும். ஆட்டமே 'போதும்' என்று சொல்லி அனுப்பிவிடுவது பெரிய நிம்மதி.

வேகம் கேட்கும் ஆட்டங்களை இந்தத் தேவைக்கு ஒதுக்கிவிடுங்கள். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு. ஆனால் ஆட ஆட துண்டுகள் வேகமாக விழும், உள்ளங்கை வியர்க்கும். உற்சாகம் வேண்டும் என்றால் அதை ஆடலாம், ஓய்வுக்கு அது சரிப்படாது.

படி 2: இன்ஸ்டால் செய்யும் முன் ஸ்டோர் பக்கத்தைப் படியுங்கள்

ப்ளே ஸ்டோரில் விளையாட்டின் பெயருக்குக் கீழேயே, விளம்பரங்கள் உண்டு, ஆப்புக்குள் வாங்கும் வசதி உண்டு என்ற குறிப்புகள் சின்ன எழுத்தில் இருக்கும். இலவச விளையாட்டில் இவை இருப்பது இயல்பு, அதைச் செய்தவருக்கும் வருமானம் வேண்டும். எதை விற்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஐபோனின் ஆப் ஸ்டோரில் பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போனால், ஆப்புக்குள் விற்கும் பொருள்களின் பட்டியல் விலையோடு இருக்கும். நான் முதலில் பார்ப்பதே அந்தப் பட்டியலைத்தான். 'விளம்பரத்தை நீக்கு' என்று ஒரு வரி, கூடவே ஒன்றிரண்டு புதிர்த் தொகுப்புகள் இருந்தால் நல்ல அறிகுறி. விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் காசான காயினை, காயின் பை, பெரிய காயின் பை, காயின் பெட்டி என்று விற்கும் வரிசை நீண்டால், அந்த விளையாட்டு நம்மை எங்கேயோ தடுத்து நிறுத்தப் போகிறது என்று அர்த்தம். தடை இல்லாத இடத்தில் காயின் விற்காது.

அப்புறம் ரிவ்யூ. புதிதாக வந்தவை முதலில் தெரியும்படி வரிசைப்படுத்தி, இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். ஐந்து நட்சத்திரக்காரர்கள் பெரும்பாலும் முதல் நாள் மகிழ்ச்சியில் எழுதியிருப்பார்கள். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர் விளையாட்டை விரும்பி, ரொம்ப நாள் ஆடி, ஒரு குறையோடு எழுதியிருப்பார். 'முன்பெல்லாம் நன்றாக இருந்தது, போன அப்டேட்டுக்குப் பிறகு ஒவ்வொரு லெவலுக்கும் விளம்பரம்' என்பது மாதிரியான செய்தி அங்கேதான் கிடைக்கும்.

வேறு ஆப்களில் வரும் விளம்பரக் காட்சியைப் பார்த்து மட்டும் ஒன்றை இன்ஸ்டால் செய்யாதீர்கள். கம்பியை இழுத்து ஆளைக் காப்பாற்றுவது போலக் காட்டுவார்கள், உள்ளே போனால் முழுக்க வேறு ஆட்டமாக இருக்கும். பிரிட்டனின் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் இரண்டு பிரபல விளையாட்டுகளின் இத்தகைய விளம்பரங்களைத் தடை செய்தது. ஸ்டோர் பக்கத்தில் உள்ள ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்து முடிவு செய்வது மேல்.

படி 3: முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டிய சோதனைகள்

இந்தப் படிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். ஆப்பைப் போட்டதும் ஜெயிக்க முயலாதீர்கள். சோதித்துப் பாருங்கள்.

முதல் சோதனை, கீழே வைப்பது. ஒரு புதிரைப் பாதி தீர்த்ததும் அப்படியே வெளியே வந்து வேறு இரண்டு மூன்று ஆப்களைத் திறங்கள். திரும்பிப் போங்கள். பாதிப் புதிர் அப்படியே இருக்கிறதா? அடுத்து, திறந்திருக்கும் ஆப்களின் பட்டியலில் அதைத் தள்ளி முழுவதுமாக மூடிவிட்டு மறுபடி திறங்கள். இப்போதும் அதே இடத்தில் நின்றால் அந்த விளையாட்டைச் செய்தவர் உங்கள் நேரத்தை மதிக்கிறார். முதலிலிருந்து ஆடச் சொன்னாலோ, பாதியில் போனதற்கு ஒரு லைஃப் குறைந்தாலோ, அங்கேயே அதை நீக்கிவிடலாம். மீதிச் சோதனைகள் தேவையில்லை.

இரண்டாவது சோதனை, வேண்டுமென்றே தோற்பது. கண்மண் தெரியாமல் நகர்த்தித் தோற்றுவிடுங்கள். அடுத்து திரையில் என்ன வருகிறது? 'மறுபடி ஆடு' என்ற பொத்தான் மட்டும் வந்தால் சரி. உடைந்த இதயம், அழும் பொம்மை, 'இன்னும் ஐந்து நகர்வுகள் வாங்கினால் ஜெயிக்கலாம்', நொடிகள் ஓடும் கடிகாரம் என்று வந்தால், தோல்வியை விற்கிற விளையாட்டு அது. லைஃப் தீர்ந்தால் காத்திருக்கச் சொல்வதும் இதே குடும்பம்தான். 2012-இல் வந்த கேண்டி க்ரஷ் சாகாவில் ஐந்து லைஃப், ஒவ்வொன்றும் திரும்பி வர 30 நிமிடம். அந்த இடைவெளியே நல்ல ஓய்வு என்று சொல்கிறவர்களும் உண்டு. என் அனுபவம் வேறு: காத்திருக்கும் அந்த அரை மணி நேரமும் மனம் விளையாட்டுக்குள்ளேயே கிடக்கிறது.

மூன்றாவது, ஒரு நகர்வைத் திரும்பப் பெற முடிகிறதா என்று பாருங்கள். விரல் தவறிப் பட்டதற்கெல்லாம் புதிரே பாழாகக் கூடாது. எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசமாகப் பின்னால் போக விடுவது சிறப்பு. சில ஆப்களில் அதற்கும் காயின் கேட்பார்கள்.

நான்காவது, புதிர் யோசித்தால் தீர்கிறதா, இல்லை குருட்டாம்போக்கில் ஊகிக்க வேண்டியிருக்கிறதா என்பது. சரியாக அமைத்த சுடோகுவுக்கு ஒரே ஒரு விடைதான் இருக்கும், தர்க்கத்தாலேயே அதை அடையலாம். சீட்டு ஆட்டங்களில் ஃப்ரீசெல் இந்த விதத்தில் எனக்குப் பிடித்தது. எல்லாச் சீட்டும் திறந்தே இருக்கும், மறைவு எதுவும் இல்லை. விண்டோஸ் கணினிகளில் வந்த பழைய ஃப்ரீசெல்லில் 32,000 எண்ணிட்ட ஆட்டங்கள் இருந்தன. அவற்றில் 11982-ஆம் எண் ஒன்றுதான் தீர்க்க முடியாதது. வழி நிச்சயம் இருக்கிறது என்று தெரிந்தால் மாட்டிக்கொண்டாலும் பதற்றம் வராது. ஒரு கட்டத்துக்கு மேல் அதிர்ஷ்டம் இருந்தால்தான் நகர முடியும் என்ற ஆட்டத்தில் அந்த அமைதி கிடைப்பதில்லை.

கடைசியாக, ஏரோபிளேன் மோடைப் போட்டுவிட்டு ஆப்பைத் திறந்து பாருங்கள். நெட் இல்லாமல் திறக்க மறுத்தால், பயணத்திலும் சிக்னல் இல்லாத இடத்திலும் அது கைவிட்டுவிடும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், சைமன் டாத்தம் உருவாக்கிய புதிர்த் தொகுப்பைச் சொல்வேன். ஒரே ஆப்பில் ஏறக்குறைய 40 வகைப் புதிர்கள். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இலவசம், விளம்பரம் கிடையாது. மறைந்திருக்கும் வெடிகளைத் தவிர்த்துக் கட்டங்களைத் திறக்கும் கண்ணிவெடிப் புதிரும் அதில் உண்டு, அதை ஊகிக்காமலேயே தீர்க்கும்படி அமைத்திருக்கிறார். தோற்றம் மிக எளிமையாக இருக்கும், மின்னும் படங்களை எதிர்பார்க்காதீர்கள். ஒரே எண் உள்ள கட்டைகளைத் தள்ளிச் சேர்த்துப் பெரிய எண்ணாக்கும் 2048-உம் நல்ல தொடக்கம், 2014-இல் கேப்ரியேலே சிருல்லி வெளியிட்டது. கடிகாரம் இல்லை, நான்கு திசையில் தள்ளத் தெரிந்தால் போதும். அதே பெயரில் ஏராளமான நகல்கள் ஸ்டோரில் இருப்பதால், மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: விளம்பரம் எவ்வளவு வரை சரி?

அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பேனர் விளம்பரம் கண்ணை உறுத்தாது, விட்டுவிடலாம். ஒரு ஹின்ட் (துப்பு) வேண்டும் என்று நாமே அழுத்திப் பார்க்கும் வீடியோவும் நியாயம்தான், முடிவு நம் கையில் இருக்கிறது. தொல்லை தருவது முழுத்திரை விளம்பரம். ஒரு புதிர் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் எப்போதாவது வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். யோசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் பாய்ந்து வந்தால், கட்டியிருந்த சிந்தனை முழுக்க அறுந்துபோகும்.

கூகுள் ப்ளேவுக்கு இதில் விதியே உண்டு. 2022 செப்டம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. ஆட்டத்தின் நடுவிலோ லெவல் தொடங்கும் நொடியிலோ எதிர்பாராமல் முழுத்திரை விளம்பரம் வரக் கூடாது. 15 நொடிக்குப் பிறகும் மூட முடியாதபடி இருக்கக் கூடாது. பரிசுக்காக நாமே விரும்பிப் பார்க்கும் வீடியோவுக்கு இது பொருந்தாது. இதை மீறும் ஆப்பை ப்ளே ஸ்டோரில் அதன் பக்கத்திலிருந்தே புகார் செய்யலாம், தயங்காதீர்கள்.

ஒரு வாரம் ஆடிப் பிடித்துப்போய், ஒரே முறை பணம் கட்டினால் விளம்பரம் நீங்கும் என்றால், கட்டிவிடுவது நல்லது என்பது என் கருத்து. நல்ல விளையாட்டைச் செய்தவருக்கு அது போய்ச் சேரட்டும். வாராவாரம் சந்தா கேட்கிற புதிர் ஆப்புகளை மட்டும் நான் தொடுவதில்லை.

படி 5: செட்டிங்ஸை ஒருமுறை சரிசெய்துவிடுங்கள்

நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் புதிதாகப் போடும் ஆப் கேட்டுத்தான் ஆக வேண்டும், பழைய போனில் நீங்களே செட்டிங்ஸில் போய் அணைக்கலாம். 'உங்களை ரொம்ப நாளாகக் காணோமே' என்று ஒரு விளையாட்டு நம்மைத் தேடி வரத் தேவையில்லை.

ஆப்புக்குள் டைமரைக் காட்டாமல் மறைக்கும் வசதி இருந்தால் மறையுங்கள். சுடோகு ஆப்களில் பெரும்பாலும் இருக்கும். அந்த ஓடும் எண் போனதும் ஆட்டத்தின் சுபாவமே மாறுவதைப் பார்ப்பீர்கள். அதிர்வை அணையுங்கள். இருண்ட பின்னணி இருந்தால் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிகிறவர்கள், நிறங்களோடு குறியீடுகளையும் காட்டும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். நிறம் பிரிக்கும் புதிரில் அது இல்லாவிட்டால் ஆடவே முடியாது.

படி 6: பணத்துக்குப் பூட்டு

போனைக் குழந்தைகளும் எடுப்பார்கள் என்றால் இதை முதல் நாளே செய்யுங்கள். ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு செட்டிங்ஸுக்குப் போனால், ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கும்படி வைக்கலாம். ஐபோனில் ஸ்கிரீன் டைம் பகுதியில் உள்ள கட்டுப்பாடுகளில், ஆப்புக்குள் வாங்குவதையே முழுவதுமாக நிறுத்திவிடலாம்.

படி 7: ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்

முதல் முப்பது லெவல் இதமாக இருந்துவிட்டு, அதன்பின் திடீரெனக் கடினமாகி, காயின் இல்லாமல் நகராத விளையாட்டுகள் உண்டு. அதனால் முதல் நாள் தீர்ப்பு போதாது. ஏழாவது நாள், ஆடி முடித்த உடனே தோள், தாடை, மூச்சு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். தளர்ந்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 'இன்றைக்கு இன்னும் உள்ளே போகவில்லையே, தொடர் வருகை அறுந்துவிடுமே' என்ற எண்ணம் பகலில் வந்தால், அந்த ஆப்பை எடுத்துவிடுங்கள். இருநூறு லெவல் போய்விடுமே என்று மனம் தடுக்கும். எனக்கும் தடுத்தது. நீக்கிய மறுநாள் அந்த இருநூறு லெவலில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

நீக்கும் முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். இலவச சோதனைக் காலம் என்று எங்காவது அழுத்தியிருந்தால் அது சந்தாவாக மாறியிருக்கலாம், ஆப்பை அன்இன்ஸ்டால் செய்வதால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டால் வரும் பேமென்ட், சப்ஸ்கிரிப்ஷன் பகுதியிலும், ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் வரும் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதியிலும் அதை ரத்து செய்யுங்கள். அதற்கப்புறம் ஆப்பை நீக்குங்கள்.