அப்பப்பாவின் நினைவாகக் கத்தி அடிப்பிக்க முன்

யாழ்ப்பாணக் கத்தி என்று தனியாக ஒன்று இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கொல்லர் பட்டறைக்குப் போய் “அப்பப்பாவின்ர நினைவா பழைய யாழ்ப்பாணக் கத்தி ஒண்டு அடிச்சுத் தாங்கோ” என்று கேட்க, அவரும் தன் கைக்குப் பழகிய ஏதோ ஒன்றை அடித்துக் கொடுக்க, கடைசியில் அது யாருடைய நினைவும் ஒட்டாத கத்தியாகத்தான் முடிகிறது. அப்பப்பா என்ன வேலை செய்தார்? கள்ளுச் சீவியவர் என்றால் பாளைக்கத்தி. நினைவு அம்மம்மாவுக்கு, அவர் பனையோலைப் பெட்டி இழைத்தவர் என்றால் ஓலை வார்கிற சின்னக் கத்தியான சத்தகம். விறகு கொத்தி வேலி அடைத்த கை என்றால் கொடுவாக்கத்தி.

அடுத்தது படம் பார்த்து மயங்குவது. இலங்கையின் பாரம்பரியக் கத்தி என்று தேடினால் வெள்ளி வேலைப்பாடும் தந்தப் பிடியுமாக முன்னால் வந்து நிற்பது பிஹா கெட்டா. அழகான சாமான்தான், ஆனால் கண்டி அரசவைப் பட்டறைகளோடு சேர்ந்த சிங்களக் கைவேலை அது, பனையேறியவரின் நினைவுக்கு ஒட்டாது. அதைப் பார்த்துவிட்டுப் பிடிக்குத் தந்தமோ மான்கொம்போ கேட்கவும் வேண்டாம், வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுப்படுவீர்கள். பூவரசு போதும். பனைதான் வேண்டும் என்றால் மரத்தின் வெளிப்பக்கத்து வைரமாகப் பாருங்கள், உள்ளே வெறும் மெத்தென்ற சோறு.

நான் விட்ட பிழை வேறு. வீட்டில் கிடந்த பழைய பாளைக்கத்தியைக் கொண்டுபோய், அதே அகலம், அதே வளைவு என்று அளந்து கொடுத்தேன். கொல்லர் சிரித்தார். “தம்பி, இது கத்தியில்லை, கத்தி தேஞ்ச மிச்சம்.” சரிதானே. பாளையை ஒவ்வொரு நாளும் மெல்லிதாகச் சீவ வேண்டும், மொட்டைக் கத்தி பட்டால் பாளை நசிந்து கள் வடிவது குறையும், அதனால் தீட்டாத நாளே இருக்காது. அப்படி வருடக்கணக்கில் தீட்டித் தீட்டி அகலம் போன அலகைத்தான் நான் ‘பாரம்பரிய வடிவம்’ என்று நினைத்திருக்கிறேன். எது வேண்டும், அப்பப்பா வாங்கிய அன்றைய கத்தியா, அவர் கையில் தேய்ந்த கத்தியா? நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன், சுவரில் மாட்டத்தானே. பாவிக்கப் போகிறவர் முதலாவதைக் கேட்க வேண்டும்.

மினுக்கத்துக்காக ஸ்டெயின்லெஸ் கேட்பவர்களும் உண்டு. லொறி வில்லுத்தகட்டை வெட்டி அடித்து, பழுக்கக் காய்ச்சி முக்கித் தோய்ச்சல் கொடுப்பதுதான் அந்த உலைக்குப் பழக்கம், அதைக் குழப்பாதீர்கள். கறள் பிடிக்கும்தான். அதற்கு எண்ணெய் பூசுங்கள், தோல் உறைக்குள் மாதக்கணக்கில் விடாதீர்கள். விமானத்தில் கொண்டுபோவதானால் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் சுற்றி வையுங்கள்.

அப்புறம், கொடுக்கும்போது கைக்குக் கை கொடுத்துவிடாதீர்கள், ஆச்சிமார் இருக்கிற வீடென்றால் பேச்சு வாங்குவீர்கள். மேசையில் வையுங்கள், அவர் எடுக்கட்டும்.