நகரப் பூங்காவில் மரம் வளர்க்க: மே மாதத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் தெருப் பூங்காவில் எத்தனை கன்று நடலாம் என்பதை மே மாதத் தண்ணீரை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். முதல் கோடையில் ஒரு கன்றுக்கு வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 20 லிட்டர் வேண்டும். 30 கன்று நட்டால் வாரத்துக்கு 1,200 லிட்டர். ரப்பர் குழாய் எட்டாத மூலையென்றால் 20 லிட்டர் கேனை 60 தடவை தூக்க வேண்டும். ஒருவர் ஒரு காலையில் 10 கேன் தூக்குவார் என்று வைத்தால் வாரத்துக்கு 6 ஆள் தேவை. மே மாதத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆகவே பட்டியலில் 12 பேர் இருக்க வேண்டும். அத்தனை பேர் சேரவில்லையா? 15 கன்றோடு நிறுத்துங்கள். நூறு கன்று நட்டுப் படம் எடுத்த பூங்காவில் மறு வருடம் நாலைந்து மட்டும் நிற்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாததுதான் காரணம்.

இங்கே சொல்லியிருப்பது சென்னையின் மழையையும் மண்ணையும் வைத்து. மற்ற ஊர்க்காரர்கள் மாதங்களையும் மண்ணுக்கேற்ற மரங்களையும் மாற்றிக்கொள்ளலாம்.

அனுமதியும் ஆட்களும்

பூங்கா மாநகராட்சியின் சொத்து. அனுமதியில்லாமல் நட்டால் அடுத்த சீரமைப்புப் பணியில் உங்கள் கன்றின் மேல் நடைபாதை வந்துவிடும். உங்கள் மண்டல அலுவலகத்தின் பூங்காப் பிரிவுக்குக் கடிதம் கொடுங்கள், நகலை வார்டு கவுன்சிலருக்கும் கொடுங்கள். கடிதத்தோடு கையால் வரைந்த ஒரு வரைபடம் போதும்: எந்த இடத்தில் எந்த மரம், தண்ணீர் எங்கிருந்து, பொறுப்பு யார். மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். பூங்காக் குழாயைப் பயன்படுத்த அனுமதி, காலை 6 மணிக்குக் கதவு திறப்பது, பராமரிப்பு ஒப்பந்ததாரருக்குக் கன்றுகள் பற்றிய அறிவிப்பு. கடைசியானதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் பின்னால் அதிகம் கைகொடுக்கும்.

பதில் வராவிட்டால் மாநகராட்சியின் புகார் எண் 1913-ல் பதிவு செய்யுங்கள், அல்லது வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் எழுப்புங்கள். நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1 முதல் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே தீர்மானமாகப் பதிந்த கோரிக்கைக்கு வெறும் கடிதத்தைவிட வலு அதிகம். வேலி, ஆழ்துளைக் கிணறு, மோட்டார் போன்ற பெரிய செலவென்றால் 'நமக்கு நாமே' திட்டத்தைக் கேளுங்கள். அதில் மக்கள் தம் பங்காக ஒரு பகுதியைக் கட்டினால் மீதியை அரசு போடும்.

இதற்கெல்லாம் முன்பே பேச வேண்டியவர் பூங்காவின் தோட்டக்காரர். எந்த மூலையில் மழைத்தண்ணீர் மூன்று நாள் நிற்கும், மின்வயர் எங்கே புதைந்திருக்கிறது, போன தடவை வைத்த கன்று ஏன் செத்தது என்பது அவருக்குத் தெரியும். அவரை நடும் நாளன்று மட்டும் கூப்பிட்டு மண்வெட்டியைக் கொடுக்காதீர்கள். திட்டம் போடும்போதே உட்கார வையுங்கள்.

எந்த மாதம்

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தில் சென்னையில் கன்று நடுவது கன்றுக்குக் கெடுதல். கத்திரி முடிந்தாலும் வெயில் தணிவதில்லை, பெருமழைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அந்த நாளில் குழி எடுங்கள், இலைமட்குத் தொட்டி கட்டுங்கள். நடவை ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் முடியுங்கள். அப்போது வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் கன்று வேர் பிடித்திருக்கும், நவம்பர், டிசம்பர் புயல் காற்றையும் தாங்கும். தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் கன்னியாகுமரி, தென்காசிப் பக்கத்தில் ஜூன் நடவு சரியே.

இடத்துக்கு ஏற்ற மரம்

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. வேகமாக வளர்ந்து பூத்துக் குலுங்கும் செம்மயில்கொன்றை (குல்மோகர்), பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி ஆகியவை அதில் நிறைய. மரம் வெளியூர் வகையாக இருப்பது ஒரு காரணம். சுற்றிலும் சிமென்ட் போட்டு வேரை நெருக்கியதும், கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டி ஒரு பக்க வேரை அறுத்ததும் அதே அளவு காரணம். நாட்டு மரமே வைத்தாலும் வேருக்கு இடம் விடாவிட்டால் அதுவும் சாயும்.

திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் போன்ற மணல் பகுதிகளில் புன்னை, பூவரசு, புங்கம் நன்றாக வரும். உப்புக் காற்றையும் தாங்கும். அண்ணா நகர், தியாகராய நகர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். அங்கே நீர்மருது, நாவல், புங்கம். தண்ணீர் நிற்கும் மூலைக்கு நீர்மருதுதான் முதல் தேர்வு. வேளச்சேரி, கிண்டிப் பக்கத்தில் மூன்று அடியில் பாறை தட்டும் இடங்களுண்டு. கடப்பாரை விட்டுப் பார்த்து, மண் ஆழம் உள்ள இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

நடைபாதை ஓரத்துக்கு மகிழம் மிக நல்லது. மெதுவாக வளரும், ஆனால் ஆண்டு முழுவதும் அடர்ந்த நிழல் தரும். நாவலை நடைபாதைக்கு மேல் கவிழும்படி வைக்காதீர்கள். பழம் விழுந்து வழுக்கும், கறை படியும், பிறகு நடைப்பயிற்சிக்காரர்களே கிளையை வெட்டச் சொல்லி மனு கொடுப்பார்கள். புல்வெளி ஓரத்தில் வைத்தால் அணிலும் கிளியும் குழந்தைகளும் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். மின்கம்பிக்குக் கீழே சரக்கொன்றை, மந்தாரை போன்ற சிறு மரங்கள். ஆலும் அரசும் சுவரிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அவ்வளவு இடமில்லாத பூங்காவில் அவற்றை வைக்கவே வேண்டாம்.

கோனோகார்பஸ் என்னும் வெளிநாட்டு மரத்தின் கன்று இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குஜராத் 2023-ல் அதைத் தடை செய்தது.

பெரிய மரங்களுக்கிடையே 8 முதல் 10 மீட்டர், நடுத்தர மரங்களுக்கு 6, சிறு மரங்களுக்கு 4. கழிவுநீர்க் குழாயிலிருந்து 3 மீட்டர், விளக்குக் கம்பத்திலிருந்து 5 மீட்டர் தள்ளுங்கள். கம்பத்தை ஒட்டி வைத்தால் ஐந்தாம் ஆண்டு விளக்கை மறைக்கும், இருட்டென்று புகார் வரும், மரம் மொட்டையாகும். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நெருக்கி நடும் மியாவாக்கி முறையைப் பற்றியும் கேட்பார்கள். யாரும் நடமாடாத ஓரத்துக்கு அது சரி. உட்காரவும் விளையாடவும் நிழல் வேண்டிய பூங்காவுக்கு அது பொருந்தாது.

கன்று வாங்கும்போது

வனத்துறை நாற்றங்காலிலோ தனியார் நர்சரியிலோ, 5 அடி உயரமும் கட்டைவிரல் தடிமனும் உள்ள கன்றாகப் பாருங்கள். குச்சியில் கட்டியிருந்தால் கட்டை அவிழ்த்துப் பாருங்கள். தானாக நிற்காத தண்டை விட்டுவிடுங்கள். பையின் அடியில் வேர் பொத்துக்கொண்டு தரையில் ஊன்றியிருந்தால் அது பையில் நெடுநாள் இருந்த கன்று. உள்ளே வேர் சுருண்டிருக்கும். வண்டியில் ஏற்றும்போது நிழல்வலையால் மூடுங்கள், காற்றடித்தே இலை கருகிவிடும். வந்தவுடன் நடாமல் பத்து நாள் பூங்காவிலேயே அரைநிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள்.

குழி

நீள, அகல, ஆழம் 3 அடி. மண் நன்றாக இருந்தால் 2 அடி போதும். நடவுக்கு இரண்டு வாரமாவது முன்பே எடுத்து வெயிலில் காய விடுங்கள். மேல் ஒரு அடி மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் கொட்டுங்கள். நகரப் பூங்காக்களில் அடியில் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் பாலித்தீனும்தான் அதிகம் வரும். அதை வெளியே கொண்டுபோய்விட்டு, குறைகிற அளவுக்குச் செம்மண் வாங்கிப் போடுங்கள்.

களிமண்ணில் ஜேசிபியால் குழி எடுத்தால் பக்கச் சுவர் மெழுகியதுபோல் வழவழப்பாகிவிடும். வேர் அதைத் துளைக்க முடியாமல் தொட்டிக்குள் சுற்றுவதுபோல் குழிக்குள்ளேயே சுற்றும். கடப்பாரையால் சுவரெல்லாம் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். பிறகு குழியைத் தண்ணீரால் நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் வேர் அழுகும். ஒன்றரை அடி மேடு போட்டு அதில் நடுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் சரியாகிவிடும் என்பது தவறு, கலவை இன்னும் இறுகும். மட்கு சேர்த்தால்தான் இளகும்.

நிரப்பும் கலவை: இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு நன்றாக மட்கிய தொழு உரம் அல்லது இலைமட்கு, குழிக்கு அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கு. மட்காத சாணம் போட்டால் சூடேறி வேரைக் கருக்கும், கரையானையும் கூப்பிடும். யூரியாவோ டிஏபியோ குழியில் போடாதீர்கள்.

நடுவது

முந்தின நாளே பையை நனைத்து வையுங்கள். குழியைப் பாதிக்கு மேல் நிரப்பி, மிதித்து, தண்ணீர் ஊற்றி அமுக்குங்கள். பையைப் பிளேடால் நெடுக்காகக் கீறி முழுக்க எடுத்துவிடுங்கள். 'தானாக மட்கிவிடும்' என்று பையோடு நட்ட கன்றுகள் இரண்டு மூன்று வருடம் நின்று பிறகு காற்றில் வேரோடு படுத்துவிடுகின்றன. அடியில் சுருண்ட வேரை ஒரு அங்குலம் வெட்டுங்கள். பக்கத்தில் சுற்றியிருந்தால் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். அறுபட்ட இடத்தில் புது வேர் வெளிநோக்கி வரும்.

தண்டு வேராக மாறும் இடம் தரைமட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே இருக்கட்டும். மண் அமுங்கும்போது சரியாகிவிடும். ஆழமாகப் புதைத்தால் உறுதியாக நிற்கும் என்று நினைத்துச் செய்வதில்தான் தண்டு அழுகுகிறது.

முட்டுக்கம்புக்கு 8 அடிச் சவுக்குக் கம்பு இரண்டு. கீழ்ப்பகுதியில் 2 அடி உயரத்துக்குத் தார் பூசி, வேர்க்கட்டிக்கு வெளியே எதிரெதிராக ஊன்றுங்கள். தரையிலிருந்து 3 அடியில் சணல் கயிற்றால் எட்டுப் போல் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு கொஞ்சம் ஆட வேண்டும், ஆடினால்தான் தடிக்கும். நைலான் கயிறும் கட்டுக்கம்பியும் கூடாது, பட்டைக்குள் புதைந்துவிடும். ஒன்றரை வருடத்தில் கம்பை எடுத்துவிடலாம்.

தண்ணீரும் மூடாக்கும்

தண்டிலிருந்து அரையடி தள்ளி, 2 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி. முதல் மாதம் மழை இல்லாத நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் 15 லிட்டர். முதல் கோடையில் வாரம் இருமுறை 20. இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை 40, பாத்தியும் அகலமாக வேண்டும். தினமும் ஒரு செம்பு ஊற்றுவதால் நன்மையில்லை. வேர் மேலேயே நின்றுவிடும், இரண்டு நாள் விட்டால் வாடும்.

அக்கம்பக்கத்து அடுக்குமாடிகள் ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரைத் தர முன்வருவார்கள். நல்ல மனசுதான், ஆனால் அதில் உப்பு அதிகம். கன்றுக்கு வேண்டாம், நடைபாதை கழுவக் கொடுங்கள். ஏசியில் சொட்டும் தண்ணீர் நல்லது.

பாத்தியில் மூடாக்காக 4 அங்குலம் காய்ந்த இலை போடுங்கள், தண்டை ஒட்டாமல். இங்கேதான் பூங்கா ஊழியர்களோடு சிக்கல் வரும். இலை கிடந்தால் குப்பை என்று மேலதிகாரி அவர்களைத் திட்டுகிறார். அனுமதிக் கடிதத்திலேயே மூடாக்கு என்று எழுதி வாங்குங்கள், பாத்தியைச் சுற்றி வட்டமாகச் செங்கல் வையுங்கள். வரம்பு தெரிந்தால் துடைப்பம் உள்ளே வராது. மீதி இலைக்கு 4 அடி நீள அகல உயரத்தில் கம்பிவலைத் தொட்டி. ஒரு அடி இலைக்கு ஒரு வாளி சாணிக்கரைசல், ஈரம் காயாமல் பார்த்து, மாதம் ஒருமுறை கிளறினால் நாலு மாதத்தில் மட்கு. அடுத்த வருடக் குழிக்கு உரம் வாங்க வேண்டாம்.

தண்ணீர்க் குறைவுக்கு அடுத்தபடி பூங்காக் கன்றைக் கொல்வது புல்வெட்டும் இயந்திரம். அதன் நைலான் நரம்பு தண்டின் அடியைச் சுற்றிப் பட்டையை உரித்துவிடும், இரண்டு மாதத்தில் கன்று காயும், யாருக்கும் காரணம் தெரியாது. செங்கல் வட்டம் இதையும் தடுக்கும்.

ஆட்கள் தொடர்ந்து வர

ஒரு கன்றுக்கு ஒரு குடும்பம் என்று தத்துக் கொடுப்பது பேச நன்றாக இருக்கும், குடும்பம் வீடு மாறினால் கன்று அநாதையாகும். ஐந்து கன்றுக்கு மூன்று வீடு என்று கொடுங்கள். கன்றுக்கு எண் போடுங்கள், பெயர்ப்பலகையை ஆணியடித்து மாட்டாதீர்கள். ஞாயிறு காலை 6.30 முதல் 8 வரை என்று ஒரே நேரம் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அன்று பார்த்த கன்றின் எண்ணும் நிலையும் மட்டும். 'காலை வணக்கம்' படங்கள் வந்தால் தகவல் புதைந்துவிடும்.

கோட்டூர்புரத்தில் அடையாற்றின் கரையில் குப்பை கொட்டிய இடம், 'நிழல்' அமைப்பின் தன்னார்வலர்கள் 2006-லிருந்து உழைத்து மரப்பூங்காவானது. அங்கே போய் ஒரு காலை வேலை செய்துவிட்டு வாருங்கள். நடவு விழாக்களைவிடக் களையெடுப்பும் மூடாக்கும் தண்ணீருமே அங்கே எவ்வளவு நடக்கின்றன என்று பார்ப்பீர்கள்.

தண்ணீர் ஊற்ற மட்டும் கூப்பிட்டால் பிப்ரவரிக்குள் கூட்டம் கரையும். மாதம் ஒன்றாவது வேறு வேலை வேண்டும். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு: பூங்காவில் 15 நிமிடம் நின்று பார்த்த பறவைகளைக் குறித்து இணையத்தில் ஏற்றினால் போதும், பிள்ளைகள் ஆவலாக வருவார்கள். மார்ச்சில் புங்கம் துளிர்க்கும்போது, மரங்களைப் பார்த்துக்கொண்டே நடக்கும் மரநடை. ஏப்ரல், மே மாதங்களில் சரக்கொன்றை பூக்கும்போது படம் வரைதல், ஜூனில் வேப்பங்கொட்டை பொறுக்கி உடனே விதைத்தல். வேப்பங்கொட்டை சில வாரம்தான் முளைப்புத் திறனோடு இருக்கும், பத்திரப்படுத்தி வைத்தால் வீண். பள்ளிகளின் தேசியப் பசுமைப்படை மாணவர்களை ஆசிரியர் வழியாகச் சேருங்கள், ஆனால் ஏப்ரல், மே கணக்கில் அவர்களைச் சேர்க்காதீர்கள்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டு

செத்த கன்றைப் பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். வேர் கறுத்து நாறினால் தண்ணீர் தேங்கியிருக்கிறது, காய்ந்து பைவடிவிலேயே இருந்தால் வெளியே வரவில்லை, அடிப்பட்டை வட்டமாக உரிந்திருந்தால் இயந்திரம். காரணத்தைச் சரிசெய்யாமல் அதே குழியில் மறுபடி நடாதீர்கள்.

கவாத்து ஜனவரி, பிப்ரவரியில். ஒரே தடிமனில் இரண்டு தலைத்தண்டு போட்டி போட்டால் ஒன்றை வெட்டுங்கள்; விட்டால் பெரிய மரமான பின் புயலில் நடுவே பிளக்கும். கீழ்க்கிளைகளை ஒரே வருடத்தில் மொட்டையடிக்காமல், ஆண்டுக்கு இரண்டு மூன்றாக எடுத்து 8 அடி வரை ஏற்றுங்கள். மொத்த இலையில் மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் மரத்தில் இருக்க வேண்டும். இரும்புக் கூண்டு வைத்திருந்தால் தண்டு அதைத் தொடும் முன் கழற்றி அடுத்த கன்றுக்குக் கொடுங்கள். பூங்காவில் புதிதாகக் கல் பதிக்க ஒப்பந்தம் வந்தால், வேலை தொடங்கும் முன்பே மண்டல அலுவலகம் போய், ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு மீட்டர் மண்ணாகவே விட வேண்டும் என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். கல் பதித்த பிறகு அதைப் பெயர்க்க வைப்பது மிகவும் கடினம்.