காடு மட்டும்தான் இயற்கையா? சூழலியல் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமேசான் காடு எரிகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு வரியும் வந்துவிடும்: "உலகின் ஆக்சிஜனில் 20 சதவீதம் அங்கிருந்துதான் கிடைக்கிறது." 2019-இல் இது கைபேசிக்குக் கைபேசி பரவியது. ஆனால் கணக்கு அப்படி இல்லை. அந்த மரங்கள் பகலில் வெளியிடும் ஆக்சிஜனை, அதே மரங்களின் சுவாசமும், உதிர்ந்த இலையையும் கட்டையையும் மட்கச் செய்யும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் ஏறக்குறைய முழுவதும் எடுத்துக்கொள்கின்றன. நாம் சுவாசிப்பது கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் காற்றில் சேர்ந்திருக்கும் ஆக்சிஜன்.

நல்ல நோக்கத்துக்குச் சொல்லும் தப்புக் கணக்கால் என்ன கெட்டுவிடப்போகிறது என்று தோன்றலாம். கெடுகிறது, ஏனென்றால் உண்மையான காரணம் அதன் பின்னால் மறைந்துபோகிறது. அமேசானின் மரங்கள் மண்ணிலிருந்து நீரை இழுத்து ஆவியாக விடுகின்றன. அந்த ஆவி காற்றோடு மேற்கே போய் மழையாகி, இன்னொரு காட்டை நனைக்கிறது; அங்கிருந்து மறுபடி ஆவி, மறுபடி மழை. கிழக்கே வெட்டினால், மேற்கே யாரும் கோடரி வைக்காத காடும் காயத் தொடங்கும். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

அடுத்தது, "மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை. என்னை அதிகம் வருத்துவது இதுதான். மரமில்லாத இடமெல்லாம் மரத்தை இழந்த இடம் என்று நினைக்கிறோம். இயற்கையான புல்வெளிக்குத் 'தரிசு' என்று பெயர் வைக்கிறோம். ஒரு பழைய புல்வெளியில் புல்லின் பக்கவாட்டில் மண்ணை வெட்டிப் பாருங்கள். மேலே முழங்கால் உயரம்கூட இல்லாத செடி, கீழே ஆள் உயரத்துக்கும் மேல் வேர் விட்டிருக்கும். மேலே தீ ஓடிப்போனாலும் அடிக்கட்டையில் உயிர் இருக்கும். ஒரு மழை போதும், பச்சை முளை எட்டிப் பார்க்கும். அது சேர்த்த கார்பனில் பெரும்பகுதி தீ எட்டாத மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. அங்கே வேகமாக வளரும் மரங்களை வரிசையாக நட்டால், வெயிலில் வாழப் பழகிய புல் நிழலில் சாகும், நிலத்தடி நீர் இறங்கும், ஓடைகள் மெலியும். பிரேசிலின் செராடோ என்ற புல்வெளிப் பகுதியைத் 'தலைகீழ்க் காடு' என்பார்கள், அவ்வளவும் வேர். அதில் ஏறக்குறைய பாதி சோயாவுக்கும் மாட்டுப் பண்ணைக்கும் போய்விட்டது. அமேசானுக்கு அழுதவர்களில் எத்தனை பேர் செராடோவின் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

சதுப்பு நிலங்களுக்கும் இதே கதிதான். மக்காத தாவரங்கள் அடுக்கடுக்காகப் படிந்த கரிச்சதுப்புகள் உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் எல்லாக் காடுகளின் மரங்களிலும் செடிகளிலும் இருப்பதைவிட அதிகக் கார்பன் அவற்றில் இருக்கிறது. நீரை வடித்துவிட்டால் அந்தக் கார்பன் காற்றோடு கலந்து மெல்ல வெளியேறும்.

எல்லாப் பழியையும் பருவநிலை மாற்றத்தின் மேல் போடுவதும் தவறு. ஐ.நா. ஆதரவோடு பல்லுயிர் வளத்தை ஆராயும் ஐபிபிஇஎஸ் அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கை, இயற்கை அழிவதற்கான காரணங்களை வரிசைப்படுத்தியது. நிலத்தில் முதலிடம் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு, கடலில் மீன்பிடிப்புக்கு. பருவநிலை இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது, வேகமாக முன்னேறிக்கொண்டும் இருக்கிறது.

அப்புறம், எண்களைப் படிக்கும் விதம். 1970 முதல் 2020 வரை 73 சதவீதச் சரிவு என்று 2024-இன் 'லிவிங் பிளானட்' அறிக்கை சொன்னதும், "73 சதவீத விலங்குகள் அழிந்துவிட்டன" என்று தலைப்பு போட்டார்கள். அது கண்காணிக்கப்படும் முதுகெலும்பிக் கூட்டங்களில் ஏற்பட்ட சரிவின் சராசரி. எளிமையாகச் சொன்னால், ஒரு கூட்டம் 1,000-லிருந்து 950 ஆகிறது, இன்னொன்று 10-லிருந்து 1 ஆகிறது. சரிவு 5-உம் 90-உம், சராசரி 47.5 சதவீதம். குறைந்த விலங்குகளோ 1,010-இல் 59. நிலைமை மோசம்தான், அதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

ஓர் உயிரினத்தைத் தனியாகப் பார்ப்பது இன்னொரு தவறு. வட பசிபிக் கரையோரத்தில் கடல்நீர்நாய் மல்லாந்து மிதந்தபடி, மார்பில் ஒரு கல்லை வைத்து, கடல் முள்ளெலியை அதில் மோதி உடைத்துத் தின்னும். ரோமத்துக்காக அதைக் கிட்டத்தட்ட ஒழித்துக்கட்டினார்கள். தின்ன ஆளில்லாமல் முள்ளெலிகள் பெருகி, கெல்ப் பாசிகளை அடியோடு கொறித்தன. மரம்போல நின்ற பாசிகள் பிடி விட்டு மிதந்துபோக, மீன்கள் ஒளிந்திருந்த காடு வெறும் பாறையானது.

கடைசியாக, "நிறுத்தினால் எல்லாம் தானாகத் திரும்பிவிடும்" என்பதும், "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்பதும். இரண்டுமே தவறு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1992-இல் காட் மீன்பிடிப்பை நிறுத்தினார்கள், இரண்டே ஆண்டில் திறந்துவிடலாம் என்ற கணக்கில். முப்பது ஆண்டுகள் கழிந்தும் பழைய வளம் திரும்பவில்லை. காட் தின்னும் கேப்லின் மீன்களும் அதே காலத்தில் சரிந்திருந்தன. சாப்பாடு இல்லாமல் மீன் எப்படிப் பெருகும்? இன்னொரு பக்கம், வணிகத்துக்கான திமிங்கில வேட்டைக்கு 1986-இல் உலக அளவில் தடை வந்தது, சில நாடுகள் அதை ஏற்காவிட்டாலும். சில ஆயிரமாகச் சுருங்கியிருந்த கூனல் திமிங்கிலங்கள் இன்று பல்லாயிரக்கணக்கில் நீந்துகின்றன.