பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பிரிக்கும் முன்: மீட்பதிலும் விற்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் பழைய கார் ஆர்வலர்களிடம் பேசிப் பாருங்கள், ஒரே கதை வேறு வேறு முகவரியில் வரும். அல்சூரிலோ காக்ஸ் டவுனிலோ ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள் தார்ப்பாய் மூடி எம்ஜி, ட்ரையம்ஃப் போன்ற ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிற்கும். எஞ்சின் வில்சன் கார்டனில் ஏதோ ஒரு ஷெட்டில் கிடக்கும். சீட்டு, குஷன் கடைக்குப் போனது போனதுதான். கார்புரேட்டர் எந்த மெக்கானிக்கிடம் இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கடைசியில் இடத்தைக் காலி செய்ய வேண்டுமென்று பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவார்கள். மோதி அழிந்த கார்களைவிட இப்படிப் பிரித்துப்போட்டு அழிந்த கார்கள்தான் அதிகம் என்று நான் நம்புகிறேன். எனக்கு அது பொறுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கார்கள் நம்மோடு முடிவதில்லை. என்றாவது ஒரு நாள் வேறொருவர் கைக்குப் போகத்தான் போகின்றன. அதை வாங்கும் அன்றே மனதில் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வேலையையும் ‘நாளைக்கு இன்னொருவர் எடுத்துச் செய்ய முடியுமா’ என்று கேட்டுக்கொண்டே செய்வோம். கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

முதலில் காகிதம்

வாங்கப் போகும்போது காருக்கு முன் ஆர்சி புத்தகத்தைப் பாருங்கள். 1989க்கு முந்தைய வண்டிகளுக்கு எம்ஒய், எம்எஸ் போன்ற எழுத்துகளில் தொடங்கும் மூன்றெழுத்து எண்கள் இருக்கும். அந்தக் காலப் பதிவுகள் ஆர்டிஓ அலுவலகத்தில் கையால் எழுதிய பேரேட்டில் இருப்பவை. அது வாகன் கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏறவில்லையென்றால், வண்டி விற்பவர் பெயரில் இருக்கும்போதே அவரை வைத்தே ஏற்றிக்கொள்ள வேண்டும். “அதெல்லாம் ஏஜென்ட் பாத்துக்குவார் சார்” என்ற பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுத்தவர்கள் வருடக்கணக்கில் அலைகிறார்கள். பதிவுபெற்ற உரிமையாளர் காலமாகியிருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாற்றம் நடக்கட்டும், அதற்குப் படிவம் 31 இருக்கிறது. என்றோ அடைத்த வங்கிக் கடனின் குறிப்பு இன்னும் ஆர்சியில் இருந்தால் அதையும் அவரே நீக்கித் தரட்டும்.

தகட்டில் உள்ள சேஸி (அடிச்சட்டம்) எண்ணைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. எண்ணின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். ஆர்சியில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் எண்ணுக்கும் அப்படியே. உதிரிப் பாகம் கிடைக்காமலும் பெட்ரோல் செலவுக்குப் பயந்தும் அந்த நாளில் பல கார்களில் வேறு எஞ்சினை இறக்கினார்கள். அதை ஆர்சியில் ஏற்றியவர்கள் குறைவு.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இதில் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. ஒன்று, விதி தெரியாமல் ஜப்பான் எஞ்சினைப் பொருத்தி, சேஸியை வெட்டி, பிறகு வந்து கேட்பது. இன்னொன்று, பதிவை வாங்கிய பிறகு அந்தக் காரை அன்றாடம் ஓட்டக் கூடாது என்று தெரிந்துகொள்வது. கண்காட்சி, ராலி, எரிபொருள் நிரப்புவது, பராமரிப்பு, இவற்றுக்குத்தான் சாலைக்குக் கொண்டுவரலாம். ஞாயிறு காலையில் நந்தி மலைக்கு ஓட்டிப் போக ஆசைப்படுபவர், சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு போவது நல்லது. அந்தக் கட்டணமும் 2025இல் ஏறிவிட்டது: 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய், இறக்குமதி காரென்றால் 80,000 ரூபாய். பட்ஜெட் போடும்போது இதைச் சேர்க்க மறக்காதீர்கள்.

துருவும் டிங்கர் வேலையும்

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், உப்புக் காற்று படாத இடத்தில் இருக்கிறது. இங்கேயே வாழ்ந்த கார் சென்னை, மும்பைக் கார்களைவிடத் துருவிலிருந்து தப்பித்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இன்று இங்கே நிற்பதாலேயே அது இங்கே வாழ்ந்தது என்று ஆகிவிடாது. சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பள்ளத்தை நிரப்பும் பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது. மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் முனையால் கீழிருந்து அழுத்திப் பாருங்கள்.

மேற்கூரை இல்லாத காரில் மிக முக்கியமான இடம் சில், அதாவது கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் இரும்புப் பெட்டி. 1962இல் வந்த எம்ஜிபிக்குத் தனி சேஸி கிடையாது, கூரையும் இல்லை. ஆகவே வண்டியின் பலத்தில் பெரும்பங்கு இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அதே ஆண்டு வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கு சேஸி உண்டு, ஆனால் நடுவில் ஒடுங்கிய சேஸி என்பதால் அங்கேயும் சில்தான் தாங்குகிறது. துரு பிடித்த இரண்டு பக்கத்துச் சில்லையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தால் கார் நடுவில் லேசாகத் தொய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. புதுத் தகட்டை வெல்டு அடித்து முடித்த பிறகு அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும்.

சிவாஜிநகரில் ஒரு வயதான டிங்கர் இந்த வேலையைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சஸ்பென்ஷன் தாங்கும் இடங்களிலேயே ஸ்டாண்டு கொடுத்துக் காரைச் சமமாக நிறுத்தினார். வெட்டுவதற்கு முன், கதவு திறக்கும் இடைவெளியின் குறுக்கே, உள்பக்கமாக, ஒரு சதுர இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு வைத்தார். ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினார். கதவைக் கழற்றவில்லை. புதுத் தகட்டை வைத்து இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வெல்டு அடிப்பார், ஆற விடுவார், கதவைத் திறந்து சாத்துவார், கதவைச் சுற்றியுள்ள இடுக்கில் ஓர் அட்டைத் துண்டை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்ப்பார். அட்டை எங்காவது பிடித்தால் புள்ளியை உடைத்துவிட்டு மறுபடி வைப்பார். “கதவக் கழட்டி வெச்சிட்டு அடிச்சீங்கன்னா அப்புறம் அது சாத்தவே சாத்தாது சார்” என்றார். ஒரு பக்கத்துக்கே பல நாள் ஆயிற்று. டிங்கரை அவசரப்படுத்துவதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் இல்லை. நாள் கணக்கில் கூலி பேசுங்கள், மொத்தக் காண்ட்ராக்ட் வேண்டாம்.

பெயிண்டுக்கு அவசரப்படுவதும் அப்படித்தான். எஞ்சின், கியர்பாக்ஸ், கதவு, பம்பர், விளக்கு எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிப் பார்த்து, பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு கழற்றிப் பெயிண்ட் அடியுங்கள்.

பிரிப்பதும் பூட்டுவதும்

உற்சாகத்தில் ஒரே வாரத்தில் மொத்தக் காரையும் பிரித்துவிடுவார்கள். அத்தோடு பலருடைய வேலை நின்றுவிடுகிறது. ஒரு பகுதியைப் பிரித்து, முடித்து, பிறகு அடுத்ததைத் தொடுங்கள். ஒவ்வொரு இடத்து போல்ட்டும் அதற்கென்று ஒரு ஜிப் பையில், எங்கே எடுத்தது என்று எழுதிய சீட்டோடு இருக்கட்டும். கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். வெளியே கொடுக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் யாரிடம், என்றைக்கு, எதற்கு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ரசீதுகளையும் அதிலேயே ஒட்டுங்கள். விற்கும்போது பெயிண்டைவிட இந்த நோட்டுதான் வாங்குபவரை நம்ப வைக்கும்.

போல்ட் விஷயத்தில் நம்மூர்க் கடைகளில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. எம்ஜிபி, ஸ்பிட்ஃபயர் காலத்துக் கார்களில் யுஎன்எஃப் என்ற அங்குல அளவு மரைகள் இருக்கும். அதில் 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். ஜேசி ரோட்டில் சுலபமாகக் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட் அதே போலத்தான் கைக்குத் தெரியும், ஒன்றிரண்டு சுற்று உள்ளேயும் போகும். ஆனால் மரைகளின் இடைவெளி வேறு. ஸ்பானர் போட்டு இறுக்கினால் எஞ்சின் பிளாக்கில் உள்ள மரை வழித்துக்கொண்டு போய்விடும். இன்னும் பழைய எம்ஜி டிசி, டிடி கார்களின் எக்ஸ்பிஏஜி எஞ்சினில் வேறு விசித்திரம்: போல்ட்டின் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு, மரை மட்டும் மெட்ரிக், அதாவது மில்லிமீட்டர் அளவு. அந்த மெட்ரிக்கும் இன்று சாதாரணமாகக் கிடைக்கும் இடைவெளியில் இல்லை. பழைய போல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், சுத்தம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன் சஸ்பென்ஷன் அமைப்பைத்தான் ஸ்பிட்ஃபயரும் பயன்படுத்தியது. அதன் அடியில் ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலப் பாகம் உண்டு, சக்கரம் திரும்பும்போது எஃகுத் தண்டு அதற்குள் மரையில் சுழலும். அங்கே போக வேண்டியது ஈபி90 கியர் ஆயில். சர்வீஸ் ஷெட்டில் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரையின் மூலைவரை போகாது. நாளடைவில் தண்டு அரித்து ஒரு நாள் முறியும், சக்கரம் மடங்கிக்கொள்ளும். ஹெரால்டு வைத்திருப்பவர்களும் இதை இன்றே பாருங்கள்.

வயரிங்கில் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்பாக நிறுவனத்தின் நிறக் குறியீட்டைக் கலைக்காதீர்கள். பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸ் வழியாக இக்னிஷன், கறுப்பு எர்த். எல்லாவற்றையும் ஒரே சிவப்பு வயரில் மாற்றிவிட்டால் அடுத்து வரும் எலக்ட்ரீஷியனுக்கு வழியே தெரியாது. 1967க்கு முந்தைய பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். பார்க்காமல் ரேடியோ மாட்டினால் எரிந்துபோகும்.

எஞ்சினைத் திறக்கும்போது ஹெட்டில் கெட்டிப்படுத்திய வால்வ் சீட்டு, அதாவது வால்வ் வந்து உட்காரும் வளையம், போட்டுவிடுங்கள். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றது. அந்த ஈயத்தை நம்பிச் செய்த பழைய சீட்டுகள் வேகமாக ஓட்டினால் தேயும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரமையும் கெடுக்கும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும், டேங்க் உள்ளே துரு பிடிக்கும். ஹோஸ்களை எத்தனால் தாங்குபவையாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தும்போது பெட்ரோலை வடித்துவிடுங்கள். கார்புரேட்டர் டியூனிங்குக்கு மேனுவலில் உள்ள அளவை அப்படியே வைப்பதும் தவறு. பெங்களூரு உயரத்தில் காற்று மெலிது, ஆகவே கலவை ரிச்சாகும், அதாவது காற்றுக்கு பெட்ரோல் அதிகமாகும். எத்தனாலோ அதை லீனாக்கும், அதாவது எதிர்ப்பக்கம் இழுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுப்புக் கரி என்றால் ரிச், வெளுத்திருந்தால் லீன், லேசான பழுப்பு என்றால் சரி.

கைமாற்றும்போது

செலவு செய்த தொகை திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சந்தை ரசீதைக் கூட்டி விலை வைக்காது. அதே நேரம், வேலை முடியவில்லை என்ற வெட்கத்தில் வருடக்கணக்கில் விற்காமல் வைத்திருப்பதும் காருக்குச் செய்யும் துரோகம். முடியாது என்று தெரிந்தால் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் ஊரெல்லாம் கிடக்கும் பாகங்களை ஓரிடத்தில் சேருங்கள். சக்கரம் மாட்டி, ஸ்டியரிங் திரும்பி, பிரேக் பிடித்து, தள்ளினால் உருளும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். உருளும் காருக்கும் பெட்டி பெட்டியாக இருக்கும் காருக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. எங்கெங்கே பட்டி இருக்கிறது, எது அசல் இல்லை என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

“ஆர்சியும் சேஸி தகடும் மட்டும் கொடுங்க, நல்ல விலை தர்றேன்” என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். வேறு ஏதோ ஒரு வண்டிக்கு, சில சமயம் திருட்டு வண்டிக்கு, அடையாளம் கொடுக்கத்தான் அது. உண்மையிலேயே தேறாத கார் என்றால் அரசு பதிவுபெற்ற ஸ்கிராப்பிங் மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, பதிவை ரத்து செய்யுங்கள்.

உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஓப்பன் டிரான்ஸ்ஃபர் பழக்கம் மிக ஆபத்தானது. கார் நான்கு கை மாறினாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்பவர் கடமை. சென்னைக்கோ கோவைக்கோ போகிறதென்றால் படிவம் 28இல் என்ஓசி (ஆட்சேபமில்லாச் சான்று) எடுத்துக் கொடுங்கள். வாகன் தளத்தில் புதியவர் பெயர் ஏறியதை நீங்களே பார்க்கும்வரை இன்சூரன்ஸை நிறுத்த வேண்டாம்.