வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் குழந்தைக்கு இஇஜி எடுக்கணுமா? எப்படி ரெடி பண்றது, ரிப்போர்ட்ட எப்படி எடுத்துக்கறது

மொதல்ல ஒரு விஷயம், காய்ச்சல்ல ஃபிட்ஸ் வந்த எல்லா பிள்ளைக்கும் இஇஜி, அதாவது மூளையோட மின் அலைய பதிவு பண்ற டெஸ்ட், தேவையில்ல. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள, உடம்பு முழுக்க இழுத்து, கால் மணி நேரத்துக்குள்ள நின்னு, அதே நாள்ல திரும்ப வராம, தெளிஞ்சதும் பழையபடி விளையாடுதுன்னா அது சாதாரண காய்ச்சல் வலிப்பு. அதுக்கும் எழுதிக் குடுத்தா "எதுக்கு சார் இது"ன்னு தைரியமா கேளுங்க. ஒரு பக்கம் மட்டும் இழுத்தது, காய்ச்சல் விட்டும் மந்தமா இருக்கு, பேச்சு குழறுது, காய்ச்சல் இல்லாமயே ஃபிட்ஸ் வருது, மூளைக்காய்ச்சல் சந்தேகம், இதுக்கெல்லாம்தான் டெஸ்ட் நெஜமாவே உதவும்.

ஆனா பிள்ளை எழுப்பினாலும் எழுந்திரிக்கல, அம்மாவையே அடையாளம் தெரியல, விடாம வாந்தி, கழுத்து விறைக்குதுன்னா அப்பாயின்ட்மென்ட்டுக்கெல்லாம் காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்கு போங்க. ஃபிட்ஸ் அஞ்சு நிமிஷம் தாண்டுச்சுன்னா 108. ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாயில ஸ்பூன் தண்ணி எதுவும் வேணாம், கையில சாவிக்கொத்து குடுக்கற வேலையும் வேணாம், அதனால ஃபிட்ஸ் நின்னதா சரித்திரமே இல்ல.

சரி, டெஸ்டுக்கு ரெடி பண்றது. முந்தின நாள் ஷாம்பு போட்டு தலைய நல்லா அலசிருங்க, எண்ணெய் ஒரு சொட்டு கூட கூடாது, பாட்டிமார்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, இல்லனா காலைல கெளம்பும்போது பாசமா தடவி விட்ருவாங்க, அப்புறம் தலைல வெக்கற எலெக்ட்ரோடு (வயரோட முனை) ஒட்டாது. பட்டினி போடாதீங்க, மயக்க மருந்து குடுக்கப் போறதா சொல்லியிருந்தா மட்டும் எவ்ளோ நேரம் முன்னாடி நிறுத்தணும்னு கேட்டுக்கோங்க. ஃபிட்ஸ் மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. பெரும்பாலும் தூங்கும்போதும் எடுக்கணும்பாங்க, அதனால முந்தின ராத்திரி லேட்டா படுக்க வெச்சு சீக்கிரம் எழுப்பி விடுங்க, போற வழில ஆட்டோல தூங்கிடாம பாத்துக்கறதுதான் இதுல ரொம்ப கஷ்டமான வேலை! பிள்ளைகிட்ட "தலைல பசை வெச்சு வயர் ஒட்டுவாங்க, ஊசி கெடையாது"ன்னு உண்மைய சொல்லிருங்க. ஷாக்கெல்லாம் இல்ல, மூளைல இருந்து வர்ற மின்சாரத்த மெஷின் பதிவு பண்ணுது, அவ்ளோதான். பெரிய பிள்ளையா இருந்தா வேகமா மூச்சு விட சொல்வாங்க, கண்ணுக்கு முன்னாடி லைட் மினுக்குவாங்க.

இனி ரிப்போர்ட். அதுல "ஸ்லோ வேவ்ஸ்", அதாவது மெதுவான அலைன்னு பாத்ததும் மூளை போச்சுன்னு அழ ஆரம்பிச்சிடறோம். மூளை அலைக்கு வயசு உண்டு, பெரியவங்களுக்கு முழிச்சிருக்கும்போது பின்பக்கம் செகண்டுக்கு பத்து அலை மாதிரி ஓடும், ஒரு வயசு பிள்ளைக்கு ஆறு இருந்தாலே நார்மல், மூணு வயசுல எட்டு கிட்ட வரும். தூக்கத்துல எல்லாருக்குமே மெதுவாகும். அதனால குழந்தைங்க இஇஜி பாத்து பழகின நியூராலஜிஸ்ட் பாக்கறதுதான் நல்லது. ஃபிட்ஸ் வந்து ஒரு வாரம் பத்து நாளைக்குள்ள எடுத்தா மெதுவான அலை தெரியறது சகஜம்தான், மூளைக்காய்ச்சல்னா வாரக்கணக்குல மாசக்கணக்குல கூட நீடிக்கும், கொஞ்சம் கொஞ்சமா மாறும். ஒரு ரிப்போர்ட்ட மட்டும் வெச்சு எதிர்காலத்த கணிக்க முடியாது, பிள்ளை எப்படி நடக்குது பேசுது தூங்குதுங்கறதோட சேத்துதான் டாக்டர் பாப்பாரு. அதே மாதிரி ரிப்போர்ட் நார்மல்னு வந்தா மட்டும் ஃபிட்ஸ் நோயே இல்லன்னு அர்த்தம் ஆயிடாது.

மெதுவான அலைய மட்டும் வெச்சு எந்த வைரஸ்னு சொல்ல முடியாது. ஹெர்பிஸ் வைரஸ்னா காதுக்கு மேல இருக்கற டெம்பொரல் பகுதில தனியா தெரியலாம், ஆனா ஹெர்பிஸ்னு சந்தேகம் வந்தாலே டாக்டருங்க ரிசல்ட்டுக்கு காத்திருக்காம அதுக்கான மருந்து அசைக்ளோவிர் ஆரம்பிச்சிடுவாங்க, தாமதமானா சேதம் அதிகம். தட்டம்மை இன்னொரு கதை, வந்துட்டு போய் பல வருஷம் கழிச்சு அபூர்வமா சில பிள்ளைங்களுக்கு படிப்பு திடீர்னு சரியும், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும், இஇஜில சில செகண்டுக்கு ஒரு தடவ பெரிய அலை திரும்ப திரும்ப வரும். தட்டம்மை வைரஸால மூளைக்கு வர்ற இந்த நோய எஸ்எஸ்பிஇம்பாங்க. அதனால சின்ன வயசுல தட்டம்மை வந்திருந்தா டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களே சொல்லுங்க.

டாக்டர பாக்க போகும்போது ஃபிட்ஸ் வந்தப்போ எடுத்த மொபைல் வீடியோ இருந்தா கண்டிப்பா காட்டுங்க, பல நேரம் ரிப்போர்ட்ட விட அது அதிகம் சொல்லும். பழைய இஇஜி பேப்பரையும் தூக்கிப் போடாதீங்க, அடுத்த தடவ ஒப்பிட்டு பாக்க அதுதான் கேப்பாங்க.